செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கப் போகிறீர்களா? சாவி யாரிடம் என்று முதலில் கேளுங்கள்

செட்டிநாட்டுக்கு முதல்முறை வந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: "தெருவுக்குத் தெரு அரண்மனை மாதிரி வீடு. ஆனா எல்லாம் பூட்டிக் கிடக்கு." பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் உண்டு. அது தெரிந்துவிட்டால் எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம்.

இந்த வீடுகளில் பலவற்றுக்கு உரிமையாளர் ஒருவர் அல்ல. கட்டியவருடைய பேரன், கொள்ளுப்பேரன் என்று பங்காளிகள் பலர் இருப்பார்கள். சென்னையில் சிலர், மலேசியா, சிங்கப்பூரில் சிலர். வளவு எனப்படும் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் பங்குக்கு ஒன்றாகப் பிரிந்திருக்கும். அந்தந்த அறையின் சாவி அந்தந்தப் பங்காளியிடம். தெருவாசல் சாவி மட்டும் ஊரில் ஒரு காவல்காரரிடமோ, வீட்டுக் கணக்கைப் பார்ப்பவரிடமோ இருக்கும். ஆகவே அவர் மனம் வைத்தாலும் உங்களுக்குக் காட்ட முடிவது முகப்பும் வளவும்தான். எடுத்த எடுப்பில் "மாடியைத் திறந்து காட்டுங்க" என்று கேட்டால் அவர் சென்னைக்கு போன் போட வேண்டியிருக்கும். அதைவிட "இல்லைங்க" என்பது அவருக்குச் சுலபம். பங்காளிகள் எல்லாரும் ஒத்துக்கொள்ளாமல் விற்கவும் முடியாது, பழுதுபார்க்கவும் முடியாது. ஓட்டில் மரம் முளைத்த வீடுகளின் கதை இதுதான்.

செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அதைப் படித்துவிட்டு, நுழைவுச்சீட்டு, வழிகாட்டி, திறந்திருக்கும் நேரம் எல்லாம் எழுதிப்போட்டிருக்கும் என்று எதிர்பார்த்து வராதீர்கள். இவை தனியார் வீடுகள். கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வீடுகள் ஒருசில மட்டுமே.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் முடிந்தால் அதற்கு முந்தைய வாரம் முட்டுக்காட்டிலுள்ள தக்ஷிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வரலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. அங்கே ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதில் தூணைத் தட்டிப் பார்க்கலாம், கட்டுக்குக் கட்டு நிதானமாக நடக்கலாம், யாரும் விரட்டமாட்டார்கள். வீட்டின் அமைப்பு அங்கேயே மனத்தில் பதிந்துவிட்டால், செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் எதைப் பார்ப்பது என்று திணற வேண்டியதில்லை.

எப்போது, எத்தனை நாள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். நவம்பரில் மழை வந்தால் ஒரு நாள் வீணாகலாம். ஆனால் ஓட்டிலிருந்து தண்ணீர் வளவுக்குள் இறங்குவதை அப்போதுதான் பார்க்க முடியும். ஏப்ரல், மே, ஜூனில் பகல் 11 மணிக்கு மேல் தெருவில் நடக்க முடியாது. வறண்ட பூமி, தெருவில் மர நிழலும் குறைவு.

தை, ஆவணி போன்ற முகூர்த்த மாதங்களில் வீட்டுக்காரர்கள் ஊரில் இருப்பார்கள். கலியாணத்துக்கும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் பங்காளிகள் கூடுவது பூர்வீக வீட்டில்தான். அந்த நாளில் கதவு விரியத் திறந்திருக்கும், ஆனால் அது உங்களுக்காகத் திறந்ததல்ல. வாசலில் தோரணமும் வளவில் பந்தியும் தெரிந்தால் தெருவிலிருந்தே பார்த்துவிட்டு நகருங்கள். யாராவது கூப்பிட்டால் மட்டும் போங்கள். பெரும்பாலும் கூப்பிடுவார்கள்.

ஒரே நாளில் "செட்டிநாடு முழுக்க" என்று சொல்லும் சுற்றுலாத் திட்டம் எதையும் நம்பாதீர்கள். சிவகங்கை, புதுக்கோட்டை இரு மாவட்டங்களிலும் பரவிக்கிடக்கும் ஊர்கள் இவை. ஒரு காலத்தில் 96 ஊர் என்பார்கள், இன்று எழுபத்துச் சொச்சம் என்பார்கள். இரண்டு இரவு, மூன்று பகல் இருந்தால் நான்கைந்து ஊர்களை ஒழுங்காகப் பார்க்கலாம். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் கானாடுகாத்தானும் ஆத்தங்குடியும் போதும்.

தங்குவதும் போக்குவரத்தும்

காரைக்குடியில் எல்லா விலையிலும் அறை கிடைக்கும். பேருந்து, சாப்பாடு, கடை எல்லாம் அருகில். கானாடுகாத்தான், கோத்தமங்கலம், கடியாபட்டி போன்ற ஊர்களில் பழைய வீடுகளையே விடுதியாக்கியிருக்கிறார்கள். வாடகை கூடுதல்தான். ஆனால் ஒரு வளவில் இரவு உட்கார்ந்திருப்பதும், மாடியையும் பின்கட்டையும் யாரிடமும் கெஞ்சாமல் பார்ப்பதும் வேறு வழியில் கிடைக்காது. இரண்டு இரவில் ஒன்றையாவது இப்படிச் செலவழிப்பது நல்லது. தங்காவிட்டாலும் சில விடுதிகளில் முதல் நாளே சொல்லிவைத்தால் மதியச் சாப்பாடு போடுவார்கள். சாப்பிட வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்ப்பதை யாரும் தடுப்பதில்லை.

திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் காரைக்குடி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சென்னை எழும்பூரிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் புறப்பட்டு இரவு காரைக்குடி வந்து சேரும். கானாடுகாத்தான் பக்கத்திலேயே 'செட்டிநாடு' என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் உண்டு. அங்கே நிற்கும் வண்டிகள் குறைவு, நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் சுமார் 15 கிலோமீட்டர். திருச்சி, புதுக்கோட்டைப் பேருந்தில் ஏறினால் நடத்துநரிடம் "ஊருக்குள்ள போகுமா, விலக்குல இறக்கிவிடுவீங்களா?" என்று முதலிலேயே கேளுங்கள். விலக்கில் இறங்கினால் வெயிலில் நடக்க வேண்டும். கிராமத்துக்குக் கிராமம் பேருந்து மாறிப் போவதில் பாதி நாள் போய்விடும். மூன்று பேர் இருந்தால் ஒரு நாளுக்கு காரோ ஆட்டோவோ பேசிக்கொள்வதே கட்டுப்படியாகும். பேசும்போது ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லி, நிற்கும் நேரத்தையும் சேர்த்துத் தொகையை முடிவுசெய்யுங்கள். "காத்திருப்புக்குத் தனி" என்ற வாக்குவாதம் சாயங்காலத்தில்தான் வரும்.

கானாடுகாத்தான்

காலை 8 மணிக்குள் ஊருக்குள் இருங்கள். முதல் ஒரு மணி நேரம் எந்த வீட்டுக்குள்ளும் போக வேண்டாம். தெருக்களை நடந்து முடியுங்கள். தெருக்கள் நேர்க்கோட்டில் ஓடுகின்றன. பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலைப் பார்த்துவிட்டு அப்படியே சுற்றி வந்து அதே வீட்டின் பின்வாசலைத் தேடுங்கள். வீட்டின் நீளம் காலுக்குத் தெரியும்.

ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் அரண்மனை இந்த ஊரில்தான். அதை வெளியிலிருந்து மட்டுமே பார்ப்பதாக வைத்துக்கொண்டு போங்கள். அதற்காக மனம் சுளிக்கத் தேவையில்லை, சுற்றியுள்ள தெருக்களிலேயே பார்க்க நிறைய இருக்கிறது.

வழி கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நகரத்தார், அதாவது இந்த வீடுகளைக் கட்டிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வீடுகளுக்குப் பெயர் அவர்களது 'விலாசம்'. முகவரியைச் சொல்லவில்லை, சி.வி.ஆர்.எம். என்பதுபோல வட்டிக்கடைக்கு வைத்திருந்த முதலெழுத்துகளுக்குத்தான் இங்கே விலாசம் என்று பெயர். பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கடை அந்த எழுத்துகளால்தான் அறியப்பட்டது, ஊரில் வீடும் அப்படியே. கதவு எண்ணைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது; விலாசத்தைச் சொன்னால் டீக்கடையிலேயே வழி கிடைக்கும்.

இனி அனுமதி கேட்கும் முறை. 9 மணிக்கு மேல், மதியச் சாப்பாட்டுக்கு முன் கேளுங்கள். படியேறாமல் தெருவில் நின்றே குரல் கொடுங்கள். திண்ணை பொது இடம் போலத் தெரியும். செருப்போடு ஏறி உட்கார்ந்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. காவல்காரரை "அண்ணே" என்றோ, வயதானவரை "ஐயா" என்றோ கூப்பிடலாம். வீட்டுக்கார அம்மா இருந்தால் "ஆச்சி". வயது குறைந்தவராக இருந்தாலும் நகரத்தார் பெண்களுக்கு அதுவே மரியாதைச் சொல். கேட்பதைச் சிறிதாகக் கேளுங்கள்:

"அண்ணே, வளவு வரைக்கும் பாத்துட்டு வந்துரலாமா? அஞ்சு நிமிசந்தான்."

நான்கு பேருக்கு மேல் ஒன்றாக நிற்காதீர்கள். கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு, உள்ளே போன பிறகு தனியாக அனுமதி கேளுங்கள். திருமணப் படப்பிடிப்புக்காரர்களாலும் சினிமாக்காரர்களாலும் நொந்துபோன வீடுகள் உண்டு, பெரிய கேமராவைக் கண்டாலே கதவு சாத்திவிடும். ட்ரோன் வேண்டவே வேண்டாம். கிளம்பும்போது காவல்காரர் கையில் 50, 100 கொடுப்பது வழக்கம். தாளைச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், 500-ஐ நீட்டி மீதி கேட்கும் சங்கடம் யாருக்கும் வேண்டாம். "இன்னைக்கு முடியாதுங்க" என்றால் சரி என்று நகர்ந்துவிடுங்கள். மூன்று வீட்டில் கேட்டால் ஒன்று திறக்கும்.

உள்ளே எதைப் பார்ப்பது

வாசற்படியில் நின்று நேராகப் பாருங்கள். எல்லாக் கதவும் திறந்திருந்தால் தெருவிலிருந்து பின்கட்டுவரை ஒரே நேர்க்கோட்டில் பார்வை போகும். அந்தக் கோட்டில்தான் வீடு அடுக்கியிருக்கிறது. முதலில் திண்ணையும் முகப்பும்: ஆண்கள் கணக்கு எழுதிய, கொடுக்கல் வாங்கல் பேசிய இடம். அடுத்து நிலைக்கதவு. வீட்டிலேயே தச்சர் வேலையின் உச்சம் இங்கேதான் இருக்கும். நிலையின் மேல் கஜலட்சுமியைத் தேடுங்கள். அதைத் தாண்டினால் வளவு, வானம் தெரியும் முற்றம். சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையும் கலியாணமான ஒரு மகனின் குடும்பத்துக்கு. மகனுக்குக் கலியாணமானால் சில காலத்தில் 'வேறு வைத்து'விடுவார்கள்: அதே வீடு, அதே வளவு, ஆனால் செலவும் சமையலும் தனி. தொடக்கத்தில் சொன்ன சாவிக் கதை இந்த அறைகளில் தொடங்கியதுதான். வளவுக்குப் பின்னால் இரண்டாங்கட்டு பந்திக்கு, அதற்கடுத்த கட்டு அடுப்படிக்கும் பெண்களுக்கும், அதன்பின் கிணறு, கொல்லை.

வளவில் நின்று மேலே பாருங்கள். நாட்டு ஓடு வேய்ந்த நான்கு பக்கச் சரிவும் உள்நோக்கி இறங்குவது தெரியும். மழைநீர் முற்றத்தில் விழும், ஒரு பகுதியை அண்டாக்களில் பிடிப்பார்கள், மிச்சம் தரைக்கடியில் உள்ள வடிகால் வழியே வெளியேறும். ஊருக்குள் ஊருணிகள் நிரம்பும் ஏற்பாடும் இந்த நீரோட்டத்தோடு சேர்ந்ததே. குடிநீர் ஊருணியைச் சுற்றிச் சுவர் இருக்கும். அதில் கால் நனைக்க இறங்கிவிடாதீர்கள், ஊரே கூடிவிடும்.

சுவரை ஒட்டி நின்று சாய்வாகப் பாருங்கள். பளிங்கு போல மின்னுவது சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர், கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து, பல அடுக்காகத் தேய்த்து மெருகேற்றியது. கையால் தடவ ஆசை வரும். எண்ணெய்க்கை பட்டால் கறை போகாது, பொடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் பெயர்ந்தும் வரும். புறங்கையை மெல்ல வைத்துக் குளிர்ச்சியைப் பார்த்தால் போதும்.

வீட்டின் வயதை யாரும் சொல்லாமலே ஓரளவு ஊகிக்கலாம். பெரும்பாலான பெருவீடுகள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கும் 1940-களுக்கும் இடையில் எழுந்தவை. தாழ்ந்த கூரை, மரத்தூண் அல்லது கல்தூண், கெட்டியான திண்ணை என்றால் முற்பட்டது. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓட்டுக்கல் என்று கப்பலில் வந்தவை கூடக்கூட வட்டித்தொழில் கொழித்த காலம். வளைந்த கான்கிரீட் முகப்பும் வடிவியல் கோடுகளும் கம்பி ஜன்னல்களும் தெரிந்தால் கடைசிக் கட்டம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் ஆட்டம் கண்ட பணம், 1942-இல் ஜப்பான் படை பர்மாவில் நுழைந்ததோடு பெருமளவு போய்விட்டது. காரைக்குடியில் எல்லாரும் படம் எடுக்கும் ஆயிரம் ஜன்னல் வீடு 1941-இல் கட்டியது என்று தெரிந்தபின் பார்த்தால், அந்த வரிசையின் கடைசிப் பக்கம் போலத் தோன்றும். அதையும் தெருவிலிருந்துதான் பார்க்க வேண்டியிருக்கும்.

முகப்புக்கு மேலே சுதைச் சிற்பங்களைத் தவறவிடாதீர்கள். லட்சுமிக்குப் பக்கத்தில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் நிற்பார்.

ஆட்கள் வாழாத வீட்டில் மாடிக்குக் கூப்பிட்டாலும் யோசியுங்கள். தேக்குத் தூண் நிற்கும். ஆனால் மேல்தளத்துப் பலகையைக் கறையான் தின்றிருக்கும். சுவரோரமாக, ஒருவர்பின் ஒருவராக நடங்கள். தேன்கூடு இருந்தால் ஏறவே வேண்டாம்.

ஆத்தங்குடி

மதியத்துக்கு மேல் ஆத்தங்குடி. பெரிய வீட்டை, 'ஆத்தங்குடி அரண்மனை' என்று சொல்லப்படுவதை, சிறு கட்டணத்துக்குத் திறந்து விடுகிறார்கள். கெஞ்சல் இல்லாமல் உள்ளே போகலாம் என்பதால் கூட்டமும் இங்கேதான். படப்பிடிப்பு இருந்தால் மூடிவிடுவார்கள். அதனால் காரைக்குடியிலிருந்து கிளம்பும்போதே விசாரித்துவிடுங்கள்.

உண்மையில் ஆத்தங்குடிக்கு வருவதற்கான காரணம், தரையில் பதிக்கும் பூக்கல் (டைல்ஸ்) வார்க்கும் கல்பட்டறைகள். பட்டறைக்குள் போனால் ஐந்து கல் வார்த்து முடியும்வரை நின்று பாருங்கள். ஒரே கல்லில் வேலை புரியாது. கண்ணாடித் துண்டு ஒன்றைக் கீழே வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் கூழை அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கியதும் கூழ்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், கலக்காது. மேலே உலர்ந்த மணல்-சிமெண்டைத் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, பிறகு ஈரக் கலவையை நிரப்பி, கரண்டியால் அழுத்தி மட்டம் தட்டுவார்கள். சூளை கிடையாது. காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும், அங்கேதான் கல் இறுகுகிறது. வெளியே எடுக்கும்போது கண்ணாடி தானாக விலகும். கல்லுக்கு அந்த வழவழப்பைக் கொடுத்தது அந்தக் கண்ணாடிதான்.

அச்சில்லாமல், கரண்டியாலேயே கோடிழுத்துப் பூ வரைகிறவர்கள் உண்டு. அவர்கள் ஊற்றும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வாங்க நினைப்பவர்களுக்குக் கணக்கு இது. 8 அங்குலச் சதுரக் கல் ஒரு சதுர அடிக்கு 2.25 வேண்டும்; 100 சதுர அடிக்கு 225, உடைசலுக்கும் வெட்டுக்கும் சேர்த்து 245 வாங்குங்கள். 10 அங்குலம் என்றால் சதுர அடிக்கு 1.44. பின்னால் குறைந்தால் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கையால் கலக்கும் வண்ணம், அடுத்த முறை அதே சிவப்பு வராது. கல் கனமானது, ஒன்றே ஒன்று வேண்டுமானால் பையில் வைக்கலாம், தரை முழுக்க என்றால் லாரியில்தான். பதிக்கும் கொத்தனாரிடம் இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: பாலிஷ் மிஷின் போடக்கூடாது, ஆசிட் ஊற்றிக் கழுவக்கூடாது. வண்ணம் மேல்தோலில் மட்டும்தான் இருக்கிறது. தண்ணீரில் துடைத்து, எப்போதாவது சில சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் நடக்க நடக்க மெருகேறும்.

காரைக்குடிக் கடைத்தெரு

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். இடித்த வீடுகளின் தூண், நிலை, எனாமல் பாத்திரம், பீங்கான் ஜாடி, ரவிவர்மா படம் எல்லாம் இங்கே வந்து சேர்கின்றன. 'ரவிவர்மா' என்று விற்பவற்றில் புதிய அச்சு நிறைய. காகிதத்தின் பின்பக்கத்தையும் சட்டத்தின் ஆணியையும் பார்க்காமல் விலை பேசாதீர்கள். மரச்சாமானைத் தூக்கிப் பாருங்கள். பழைய தேக்கு கனக்கும், மூலைகள் ஒரே சீராகத் தேய்ந்திருக்காது. ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் தேய்த்தவர் கடைக்காரர். 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் உறவினருக்கு முன்பே சொல்லிவிடுங்கள், ரசீதும் கேட்டு வாங்குங்கள். கனத்தைத் தூக்க விரும்பாதவர்களுக்குப் பனையோலைக் கொட்டானும் கண்டாங்கிச் சேலையும். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

சாப்பாடு பற்றி ஒன்று மட்டும். செட்டிநாட்டுச் சமையல் என்றால் காரம் என்று நினைத்து வருகிறார்கள். கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு ஆகியவற்றின் மணம்தான் அதன் அடையாளம். நாக்கு எரிந்தால் தவறான கடைக்குப் போய்விட்டீர்கள். வெள்ளைப் பணியாரத்தைச் சூடாக, வரமிளகாய்த் துவையலோடு அங்கேயே சாப்பிடுங்கள். பொட்டலம் கட்டினால் வீணாகிவிடும். ஊருக்கு எடுத்துப்போகத் தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை.

இரண்டாம் நாள்

நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒவ்வொரு குடும்பமும் இவற்றில் ஒன்றைச் சேர்ந்தது. கலியாணமான தம்பதி கோயில் கணக்கில் ஒரு 'புள்ளி'. நேற்று பார்த்த வீட்டில் கேட்ட பங்காளி என்ற சொல்லுக்கு வேர் இங்கே இருக்கிறது. ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றுவது வேண்டுதல்காரர்களுக்குச் சரி. சிற்பம் பார்க்க வருகிறவர்களுக்கு வைரவன்பட்டியும் இரணியூரும் போதும், அதிகாலையில் பிள்ளையார்பட்டிக் குடைவரையைச் சேர்த்துக்கொள்ளலாம். மதியம் கோயில்கள் நடை சாத்தி, நான்கு மணிவாக்கில்தான் திறக்கும். அந்த இடைவெளியில் பலர் பூட்டிய வாசலில் நிற்கிறார்கள். அந்த நேரத்துக்குத் திருமயம் கோட்டையை வைக்கலாம் என்று தோன்றும், வைக்காதீர்கள்: மொட்டைப் பாறை, நிழலே இல்லை. 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய அந்தக் கோட்டைக்கு மூன்றாம் நாள் காலையில் போங்கள். மதியத்தைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் விடுங்கள். ஊரும் அப்போது தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

திரும்பும் பல்லவன் காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் கிளம்பிவிடுகிறது. அந்த வண்டிதான் என்றால் பலகாரம், கொட்டான், கல் எல்லாவற்றையும் முதல் நாள் மாலையே வாங்கிக் கட்டிவிடுங்கள். கிராமத்து விடுதியில் தங்கியிருந்தால் ஸ்டேஷனுக்கு வண்டியையும் அன்று இரவே சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் தெருவில் ஆட்டோ கிடைக்காது.